மல்லித்தண்ணி என்று சொல்லிக் கொண்டுவந்த போத்தல்

ஹபரணையைத் தாண்டியதும் மழை பஸ்ஸுக்குள் வந்துவிட்டது. யன்னல் கண்ணாடி பாதியில் இறுகி நின்றது. மேலேயும் போகாது, கீழேயும் வராது. நடத்துனர் ஓர் உரப்பையை மடித்து அந்த இடைவெளியில் செருகிவிட்டு, "இப்ப சரி" என்றார். சரியாகவில்லை. என் இடது தோள் திருகோணமலை வரை நனைந்துகொண்டே வந்தது. நான் படிக்கும் பெல்ஜிய நகரத்தில் ரயில் கொஞ்சம் பிந்தினாலே ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்பார்கள். இங்கே பஸ் முழுவதும் நனைந்தது, ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. வீட்டுக்கு வருகிறேன் என்று அப்போதுதான் உடம்புக்குத் தெரிந்தது.

பெரிய பெட்டி பின்னால் வெங்காய மூட்டைகளோடு போய்விட்டது. கைப்பை மட்டும் மடியில். அதற்குள் இரண்டு போத்தல்கள், ஒவ்வொன்றும் ஒரு கம்பளிச் சட்டைக்குள் சுற்றப்பட்டு. விமானத்தில் பெரிய பெட்டிக்குள் வந்தவற்றை, கட்டுநாயக்காவில் இறங்கியதும் பெட்டியைத் திறந்து நானே கைப்பைக்கு மாற்றியிருந்தேன். வெங்காய மூட்டைகளை நம்ப ஏலாது.

பக்கத்து இருக்கையில் தோப்பூர்க்காரர் ஒருவர். நெல் வியாபாரம். வெள்ளைத் தொப்பி, மடியில் மடித்த குடை. ஹபரணையில் வாங்கிய றோல்ஸில் ஒன்றை என் கையில் வைத்துவிட்டு, என் பையைப் பார்த்தார்.

"என்ன மகன், பச்சைப் புள்ளைய வெச்சிருக்கிற மாதிரிக் கட்டிப் புடிச்சிட்டு வாறீங்க?"

"மருந்து" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது. அவர் யார், நான் யார். "சாமான்" என்றிருந்தாலே போதும்.

"ஆருக்கு?"

"அம்மாவுக்கு."

"அல்லாஹ் சுகத்தக் குடுக்கட்டும்" என்றார். நான் றோல்ஸைத் தாளில் சுற்றிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

கந்தளாய்க்குக் கிட்ட வீதியை மறித்துத் தண்ணீர் ஓடியது. சாரதி ஒரு தடியை விட்டு ஆழம் பார்த்தார். பாதி தூரம் போனதும் இயந்திரம் நின்றுவிட்டது. ஆண்கள் எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும் என்றார்கள். நான் பையை இருக்கையில் வைக்கப் பார்த்தேன். தோப்பூர்க்காரர் கையை நீட்டினார். "எனக்கு முழங்கால் ஏலாது மகன். நான் இதப் பாத்துக்கொள்றன். நீங்க போங்க."

முழங்கால் தண்ணீரில் நின்று பஸ்ஸைத் தள்ளிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தேன். தன் வாழ்நாளில் ஒரு துளி தொட்டிருக்காத மனிதர், என் போத்தல்களை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு யன்னலுக்குள் இருந்தார். பஸ் குலுங்கும்போதெல்லாம் இன்னும் இறுக்கிப் பிடித்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சந்தியில் இறங்கும்போதும், "உம்மாவக் கவனமாப் பாத்துக்கொள்ளுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

அந்தப் போத்தல்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெல்ஜியத்தில் குளிர் தொடங்கியதும் ஒவ்வொரு ஊரிலும் ஒரு கறுத்த பியர் காய்ச்சுவார்கள். குளிர்காலத்துக்கு மட்டும் வருவது. சாதாரண பியரை விட இரண்டு மடங்கு வலு. அதற்குள் வாசனைச் சரக்குகள் போடுவார்கள், என்ன சரக்கு என்று சொல்லமாட்டார்கள். போன வருடம் வகுப்பு நண்பர்கள் ஒரு சிறிய கடைக்குக் கூட்டிப்போனார்கள். கடைக்காரப் பெண் கிண்ணம் போன்ற கிளாஸ்களில் ஊற்றிவிட்டு, உள்ளே என்ன இருக்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம் என்றாள். ஒருவன் சீரகம் என்றான், ஒருத்தி மிளகு என்றாள். நான் மூக்கை வைத்து மணந்து பார்த்துவிட்டு, மல்லி, தோடம்பழத் தோல், கராம்பு என்றேன். அந்தப் பெண் மேசையில் தட்டினாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அந்த ஊரில் வகுப்பிலும் தெருவிலும் எல்லாமே மற்றவர்களுக்குத் தெரிந்தவை, எனக்குத் தெரியாதவை. எனக்கு மட்டும் தெரிந்த ஒரு விடயம் அன்றைக்கு அந்தக் கிளாஸுக்குள் இருந்தது. அதனால்தான் இந்த வருடம் இரண்டு போத்தல்கள் வாங்கினேன். ஊரில் நிரோசனுக்கு முன்னால் அதைத் திறந்து, அதே கெட்டித்தனத்தை இன்னொரு முறை காட்டவேண்டும் என்று.

அத்தான் சபரிமலைக்கு மாலை போட்ட செய்தியை அக்கா தொலைபேசியில் சொன்னபோது போத்தல்கள் பெட்டிக்குள் போய்விட்டிருந்தன. எடுத்து வெளியே வைத்திருக்கலாம்.

*

எங்கள் ஊர் சல்லியில் மாரி என்றால் வள்ளங்கள் எல்லாம் கரையில். கடல் இரைந்துகொண்டே இருக்கும். கருவாட்டுப் பரண்கள் வெறுமையாக நிற்கும். ஊர் முழுக்கத் தடிமன். நான் போன நேரம் எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அம்மா தலையில் துவாய் கட்டியிருந்தார். அக்காவுக்குக் குரல் இல்லை. அத்தான் கறுப்பு வேட்டியோடு முன்விறாந்தையில் பாயில் இருந்து இருமிக்கொண்டிருந்தார். கழுத்தில் துளசி மாலை.

அத்தான் என்று சொல்லக்கூடாது. மாலை போட்டவரைப் பெண்சாதியும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். குருசாமி கூட்டிப்போகும் குழுவோடு சபரிமலைக்குப் போகிறார். முதல் தடவை, அதனால் கன்னிசாமி. முதல் கடவுச்சீட்டு. முதல் விமானம்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. அத்தான் குடித்தவர். சின்னக் குடி அல்ல. அப்பாவைக் கடல் கொண்டுபோன பிறகு எங்கள் வள்ளத்தை எடுத்து ஓட்டி என்னைப் படிப்பித்தவர் அவர்தான். அதே ஆள்தான் பல இரவுகள் கடற்கரையில் விழுந்து கிடந்து, அக்கா போய்த் தூக்கிவந்தவர். ஒரு நாள் நிறுத்தினார். இரண்டு வருடம் வாயில் வைக்காமல் இருந்தால் மலைக்கு வருகிறேன் என்று ஐயப்பனுக்கு வேண்டிக்கொண்டார். இரண்டு வருடம் முடிந்து போட்ட மாலை அது.

வெளிநாட்டிலிருந்து வருகிறவரின் பெட்டியை எங்கள் பக்கத்தில் தனியே திறக்க விடமாட்டார்கள். தேத்தண்ணி குடித்து முடிக்குமுன் அது வீட்டின் நடுவில் மல்லாந்து கிடக்கும்; சுற்றிவர ஆட்கள் இருப்பார்கள்; ஒவ்வொரு சாமானாகக் கையில் எடுத்து, இது ஆருக்கு, இது என்ன என்று கேட்பார்கள். அக்கா சொக்லேற்றுகளைப் பிரித்து வைத்தார். அம்மா கைப்பையின் சிப்பை இழுத்தார். கம்பளிச் சட்டையை உதறினார். போத்தல் மடியில் விழுந்தது.

"இதென்ன தம்பி?"

எல்லோரும் பார்த்தார்கள். சாமியும்.

"அங்க குளிருக்குக் குடிக்கிறது, அம்மா" என்றேன். "மல்லி, தோடம்பழத் தோல், கராம்பு எல்லாம் போட்டுக் காய்ச்சுறது."

"மல்லித்தண்ணியோ?"

"ஓம். அது மாதிரித்தான்."

நான் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அன்று படுக்கும்போது இதை எனக்கு நானே பல தடவை சொல்லிக்கொண்டேன்.

"வெள்ளைக்காரரும் மல்லித்தண்ணி குடிக்கிறாங்களோ" என்று சாமி சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. இருமி முடித்துவிட்டு என்னைக் கிட்டக் கூப்பிட்டார். "சுதன், பிளேனில யன்னல் பக்கம் இருக்கிறதோ நல்லது?"

"ஓம் சாமி."

"கேட்டால் தருவாங்களோ?"

"கேட்டுப் பாருங்கோ. தருவாங்கள்."

"காது அடைக்குமெண்டு குருசாமி சொன்னவர்."

"எச்சில் விழுங்கினால் சரி."

அவர் தலையாட்டி, ஒரு தடவை விழுங்கிப் பார்த்தார்.

*

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் இரண்டு போத்தல்களையும் எடுத்துக்கொண்டு வெளியேறப் பார்த்தேன். அம்மா குசினி வாசலில் நின்றார்.

"எங்க கொண்டு போறாய்?"

"நிரோவுக்கு."

"அவனுக்கு ஒண்டு காணும். மற்றது வீட்டில இருக்கட்டும். எல்லாருக்கும் தடிமன்." என் கையிலிருந்து ஒன்றை வாங்கி அலுமாரிக்குள் வைத்தார். அந்த இடத்திலாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். நான் சைக்கிளை எடுத்தேன்.

நிரோசன் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன். துறைமுகத்தடியில் வள்ள இயந்திரம் திருத்தும் பட்டறை ஒன்றில் வேலை. ஞாயிறு பட்டறை பூட்டு, திறப்பு அவனிடம். பின்பக்கத் தகரக் கதவைத் திறந்தால் உள்துறைமுகம் அப்படியே கிடக்கும். மழை விட்டிருந்தது. தண்ணீர் ஈயம் போல அசையாமல் இருந்தது. நடுவில் ஒரு கோதுமைக் கப்பல். நிரோ கவிழ்த்த வாளிகள் இரண்டை இழுத்துப் போட்டு, தேத்தண்ணிக் கிளாஸ் இரண்டும் ஒரு பை மிக்சரும் வைத்தான்.

"ஊத்து மச்சான்."

"உடன குடிக்காதே. முதல் மணந்து பார்."

"மணந்து பாக்கவோ இவ்வளவு தூரம் போய்ப் படிச்சனி?"

ஊற்றினேன். கறுத்த பழுப்பு, வெளிச்சத்துக்குப் பிடித்தால் ஓரத்தில் சிவப்பு. நுரை பால்தேத்தண்ணி நிறம். மூக்கைக் கிட்டக் கொண்டுபோனால் முதலில் வருவது கருகின பனங்கட்டி. பிறகு கராம்பு. அதற்குப் பின்னால், கொஞ்சம் பொறுத்திருந்தால், வறுத்த மல்லி. வாயில் இனிப்பாகத் தொடங்கி, நடுவில் தோடம்பழத் தோலின் கசப்பு வந்து, விழுங்கிய பிறகுதான் நெஞ்சுக்குள் சூடு ஏறும். இதையெல்லாம் நான் நிரோவுக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருந்தேன். அவன் கிளாஸை ஒரே இழுப்பில் காலி செய்துவிட்டு, சாராயத்துக்குச் செய்வது போலக் கண்ணை இறுக மூடிக்கொண்டு காத்திருந்தான். பிறகு ஒரு கண்ணைத் திறந்தான்.

"ஒண்டும் எரியேல்லையே."

"எரியாது. மெல்ல வரும்."

"மெல்ல வாறதுக்கு இதென்ன கொழும்பு பஸ்ஸோ?"

இரண்டாவது கிளாஸைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தான். புருவத்தைச் சுருக்கினான். நாக்கை மேலண்ணத்தில் தட்டிப் பார்த்தான். எனக்குச் சந்தோசமாக இருந்தது.

"டேய், இது எங்கட அம்மா தடிமனுக்கு அவிக்கிற மல்லித்தண்ணியெல்லோ. வெள்ளைக்காரன் அதுக்குள்ள சாராயத்தை விட்டு, லேபிளும் ஒட்டி, உன்னை ஏமாத்தியிருக்கிறான்."

நான் சிரித்தேன். வீட்டிலும் அம்மாவுக்கு இதையேதான் சொல்லி வைத்திருக்கிறேன் என்றேன். நிரோ வாளியிலிருந்து விழப் பார்த்தான். "மல்லித்தண்ணியாம்" என்று தொடையில் அடித்துச் சிரித்தான். மிக்சர் மணத்துக்கு, நகரத் தெருக்களில் மாடு போலத் திரியும் மான்களில் ஒன்று கதவுக்குள் தலையை நீட்டியது. அதற்கும் சொல்லிச் சிரித்தான். பிறகு சட்டென்று நிறுத்தினான்.

"உங்கட வீட்டில சாமியெல்லோ இருக்கிறார்?"

"ஓம்."

"மற்றப் போத்தல்?"

"குசினி அலுமாரிக்குள்ள."

"மச்சான், பகிடி இல்லை. போய் எடுத்து ஒளிச்சு வை."

"நாளைக்கு எடுக்கிறன். இப்ப இந்த வாயோட எப்பிடிப் போறது?"

வலுவான பியர் அது. இரண்டு பேரும் அந்த வாளிகளிலேயே இருந்தோம். மழை வந்து போனது. கோதுமைக் கப்பலில் விளக்குப் போட்டார்கள். நான் ஏலக்காய் மென்று, ரொபி சூப்பி, வாயை மூன்று நான்கு தடவை கொப்பளித்துவிட்டு, பொழுது படும் நேரம் சல்லிக்குச் சைக்கிள் மிதித்தேன்.

*

படலையடியில் அம்மா நின்றார். முகம் மலர்ந்திருந்தது.

"சாமிக்கு இருமல் விடேல்ல, தம்பி. விடியக் காலமையும் பின்னேரமும் கிணத்தில முழுகினால் எப்பிடி விடும். நீ கொண்டு வந்ததை எடுத்து, ஒரு கொதி காட்டி, வேர்க்கொம்பும் பனங்கட்டியும் போட்டுக் குடுத்தனான்."

நான் சைக்கிளைப் பிடித்தபடி நின்றேன்.

"மூடியைத் திறக்க நுரை தள்ளிச்சுது. மருந்தெல்லோ, அப்பிடித்தான் எண்டு நினைச்சன். எனக்கெண்டால் மூக்கடைப்பு, ஒண்டும் மணக்கேல்ல. சாமிக்குக் குடுக்கிறதை வாயில வைச்சுப் பாக்கவும் ஏலாது. உப்புப் புளி பாத்தால் எச்சில் எல்லோ."

"எவ்வளவு குடிச்சவர்?" என்று கேட்டேன். கையால் வாயை மறைத்துக்கொண்டு.

"ஒரு கோப்பை நிறைய. ஒரு சொட்டு மிச்சம் வைக்கேல்ல." அம்மா கையிலிருந்த வெறும் கோப்பையை எனக்குக் காட்டினார். "குடிச்சிட்டுப் பஜனைக்குப் போயிட்டார்."

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் என் வாயில் அதே மணம் இருந்தது. கிட்டப் போய், மன்னிப்புக் கேட்கிற குரலில், அம்மாவின் முகத்துக்கு நேரே அதை ஊத ஏலாது. "தலையிடிக்குது" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனேன். படுத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டேன். குடித்துப் பழகிய மனிதர். சாராயம் என்று தெரிந்திருந்தால் முதல் வாயிலேயே துப்பியிருப்பார். முழுக்கக் குடித்திருக்கிறார் என்றால் தெரியவில்லை என்றுதானே அர்த்தம். கொதித்ததில் வலுவும் போயிருக்கும். தெரியாமல் உள்ளே போனது ஒரு பாவமும் இல்லை. இந்தக் கணக்கு சரியாக வந்தது. படித்தவன் போட்ட கணக்கு. நித்திரையும் வந்துவிட்டது.

காலையில் அக்கா முற்றம் கூட்டும் சத்தம் கேட்டது. பிறகு கேட்கவில்லை. எழும்பி யன்னலால் பார்த்தேன். அத்தான் கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தார். தலை ஈரம். கறுப்பு வேட்டி இல்லை, பழைய சாரம். கழுத்து வெறுமை.

"மாலை எங்க?" அக்காவுக்குக் குரல் சரியாக வரவில்லை.

"குருசாமியிட்டக் குடுத்திட்டன்."

"ஏன்?"

"குடிச்சிட்டன்."

அக்கா கத்தவில்லை. விளக்குமாறை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். "எங்க?"

அந்த நேரம் அம்மா குசினியிலிருந்து தேத்தண்ணியோடு வந்தார். அத்தான் அவரை ஒரு தரம் பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்து, "வெளியில" என்றார்.

"சாமி, தேத்..." என்று தொடங்கிய அம்மா நிறுத்திக்கொண்டார். இனி அவரை எப்படிக் கூப்பிடுவது என்று அந்த முற்றத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை.

திரும்பிக் கடற்கரைக்கு நடந்த அத்தானுக்குப் பின்னால் நான் போனேன். கரையில் ஏற்றிவைத்த எங்கள் வள்ளத்துக்குள் மழைத்தண்ணீர் நின்றது. அத்தான் ஒரு வெட்டிய கலனால் அதை இறைத்துக்கொண்டிருந்தார்.

"அத்தான், அது நான் கொண்டு வந்தது."

"தெரியும்."

"அம்மாவுக்குத் தெரியாது."

"தெரிய வேண்டாம்." இறைப்பதை நிறுத்தவில்லை. "தன்ர கையால தந்தது எண்டு தெரிஞ்சால் மனுசி சோறு தண்ணி எடுக்காது. நீ பேசாமல் இரு."

"அப்ப அக்கா?"

"அக்காவுக்கு நான் குடிக்கிறது புதுக் கதையோ?"

அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு அடி அடித்திருந்தாலும் வாங்கியிருப்பேன். தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தார். நான் நின்ற பக்கம் தெறிக்காமல், கவனமாக, மற்றப் பக்கம் ஊற்றினார்.

*

குருசாமி ஐஸ் லொறி ஓட்டுகிறவர். அத்தானின் வயதுதான் இருக்கும். மாரியில் வேலை குறைவு; இறக்கக்கண்டிப் பக்கம் ஒரு மீன் வாடியில் லொறியைக் கழுவிக்கொண்டு நின்றார். நான் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, நடந்ததை எல்லாம் சொன்னேன். போத்தல், மல்லி, அம்மாவின் மூக்கடைப்பு வரை. ஒரு வழக்கறிஞர் போலச் சொன்னேன். "அவருக்குத் தெரியாது, குருசாமி. பிழை முழுக்க என்னில. மாலையைத் திருப்பிக் குடுங்கோ."

குருசாமி குழாயை மூடினார்.

"இப்ப நீர் சொல்லித்தான் எங்க குடிச்சவர் எண்டு எனக்குத் தெரியும். கேட்டனான், சொல்லேல்ல."

"அதுதான் நான் சொல்லுறன்."

"தம்பி, மாலையை நான் கழட்டேல்ல. தெரியாமல் பட்டதெண்டால் முழுகிட்டு வாங்கோ, நூற்றெட்டுச் சரணம் சொல்லுவம், ஐயப்பன் கோவிக்க மாட்டார் எண்டுதான் நான் சொன்னனான். அவர்தான் ஏலாது எண்டவர்."

"ஏன்?"

"முதல் வாய் தெரியாது சாமி, மிச்சம் தெரியும் எண்டார்."

குருசாமி திரும்பவும் குழாயைத் திறந்தார். "கன்னிசாமி ஒருத்தர் அழுது நான் இண்டைக்குத்தான் பாத்தன்" என்று சக்கரத்துக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டே சொன்னார்.

இறக்கக்கண்டியிலிருந்து சல்லி வரை எதிர்க்காற்று. எரியாது, மெல்ல வரும் என்று நிரோவுக்கு நான் விளங்கப்படுத்தியது திரும்பத் திரும்ப வந்தது. அந்தச் சூடு எந்த இடத்தில் ஏறும் என்று எனக்குத் தெரியும். முதல் வாய்க்கும் இரண்டாவது வாய்க்கும் நடுவில் அத்தான் கோப்பையைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்திருப்பார். அம்மா முன்னால் நின்று, "நல்லாயிருக்கோ சாமி" என்று கேட்டிருப்பார். சாராயக் கடை இருக்கும் வீதியால் போகாமல் இரண்டு வருடம் சுற்றிச் சுற்றிப் போன மனிதர் அவர். நான் அதை அவருடைய பாய்க்கே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். உடையாமல், கம்பளி சுற்றி.

வீட்டுக்கு வந்து அக்காவையும் அம்மாவையும் குசினியில் வைத்துச் சொன்னேன். அத்தான் வேண்டாம் என்றதையும் சொன்னேன். "மிச்சம் தெரியும்" என்றதை மட்டும் சொல்லவில்லை, அது அவருடையது.

அக்கா அடுப்பைத் தணித்தார். பிறகு அலுமாரியின் மேல்தட்டிலிருந்து வெறும் போத்தலை எடுத்து என் முன்னால் வைத்தார். அம்மா அதை வடிவாயிருக்கு என்று கழுவி வைத்திருந்தார்.

"இதில எழுதியிருக்கோ?"

"ஓம்."

"எங்க?"

விரலை வைத்துக் காட்டினேன். சின்ன எழுத்து.

"இந்த வீட்டில அதை வாசிக்கத் தெரிஞ்ச ஒரே ஆள் நீ" என்றார். உடைந்த குரலில், காற்று மட்டும் வந்த மாதிரி. "நீ வாசிச்சுச் சொல்லுவாய் எண்டுதானே உன்னைப் படிப்பிச்சது."

அம்மா கேட்டது ஒன்றுதான். "நீயும் குடிச்சனியோ?"

"ஓம் அம்மா."

அம்மா எழும்பினார். சட்டியையும் கோப்பையையும் எடுத்துக்கொண்டுபோய்ப் கூரைப் பீலித்தண்ணீர் விழும் இடத்தில் வைத்தார். மழையில் நின்று அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு மூக்கடைப்பு" என்றார். யாருக்கும் சொல்லவில்லை. உள்ளே வந்து திரும்பவும் சொன்னார். சோறு வடிக்கும்போதும் சொன்னார்.

மத்தியானம் அத்தான் வந்து இருந்தார். அக்கா சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுபோய் வைத்துவிட்டு எதிரில் நின்றார்.

"தம்பி சொன்னவன்" என்றார். "தெரியாமலோ குடிச்சனீங்கள்?"

அவர் ஓம் என்று சொல்லியிருக்கலாம். நான் கதவடியில் நின்று, ஓம் என்று சொல்ல வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

"தொடங்கேக்க தெரியாது" என்றார் அத்தான். "முடிக்கேக்க தெரியும்."

அக்கா அகப்பையை எடுத்துச் சோறு போட்டார். கத்தரிக்காய், பருப்பு, சுண்டல். மாலை போன வீட்டில் மீன் சமைக்கலாம். அக்கா சமைக்கவில்லை. மலைக்குப் போகிறவர்கள் திரும்பி வரும் வரைக்கும் இந்தக் குசினியில் மரக்கறிதான் என்றார். 

*

குழு வெளிக்கிட்ட அன்று கோயிலடிக்கு நானும் போனேன். அத்தான் மற்றச் சாமிமாரின் பைகளை வானுக்குள் அடுக்கிக் கொடுத்தார். ஒரு பெடியன்சாமி, விமானத்தில் காது அடைக்குமாம் என்று பயந்தான். "எச்சில் விழுங்கினால் சரி சாமி" என்று அத்தான் அவனுக்குச் சொன்னார். சரணம் சொல்லிக்கொண்டு வான் போனது. உள்ளே ஒரு இருக்கை வெறுமையாக இருந்தது. யன்னல் பக்கம்.

மிச்ச நாட்கள் எப்படிப் போயின என்று எழுத அதிகம் இல்லை. இடியப்பம், சொதி, பிட்டு எல்லாம் சாப்பிட்டேன். நிரோ இரண்டு தடவை வந்து கூப்பிட்டான், துறைமுகத்துக்குப் போகவில்லை. வேறு பயணங்களில் நான் குறிப்பேட்டில் எழுதிவைத்த மாதிரி இதில் காட்சிகள் இல்லை.

திரும்பிப் போகும் அன்று அத்தான் என் பெட்டியைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு பிரதான வீதி வரை உருட்டி வந்தார். நகர பஸ் தரிப்பிடத்தில் கொழும்பு பஸ்ஸின் பின்பக்கத்தில் பெட்டியை ஏற்றி, சுற்றிவரத் தட்டிப் பார்த்துவிட்டு, யன்னலடிக்கு வந்தார். அந்தக் கண்ணாடியும் பாதியில் இறுகித்தான் நின்றது.

"அடுத்த மாரிக்கு வருவியோ?"

"வருவன் அத்தான். நீங்கள் மாலை போடுவீங்களோ?"

அவர் கழுத்தைத் தடவிக்கொண்டார். பஸ் உறுமத் தொடங்கியது.

"போட வேணும்" என்றார். "நீ வரேக்க வெறுங்கையோட வா."

வெளிநாட்டிலிருந்து வருகிறவனுக்கு எங்கள் பக்கத்தில் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். அவர் கோபமாகச் சொல்லவில்லை. மழைக்குள் நிற்காதே, நனைவாய் என்று சொல்வது போலத்தான் சொன்னார். நான் ஓம் என்றேன். பஸ் நகர்ந்தது. மடியில் கைப்பை இருந்தது. உள்ளே கம்பளிச் சட்டைகள் இரண்டு மட்டும். ஆனாலும் கந்தளாய் தாண்டும் வரை அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.